சீட்டு வித்தை

சீட்டு வித்தை என்பது விளையாட்டுச் சீட்டுகளைப் பயன்படுத்திச் செய்து காட்டப்படும் மாயவித்தை வகை ஆகும். பார்வையாளர் தேர்ந்தெடுத்த சீட்டைக் கண்டுபிடித்தல், கட்டின் நடுவே செருகிய சீட்டை மேலே வரவைத்தல், ஒரு சீட்டை வேறொரு சீட்டாக மாற்றிக் காட்டுதல், கலைத்த கட்டைக் கருப்பு, சிவப்பு எனப் பிரிந்து வரச் செய்தல் ஆகியன இதில் அடங்கும். மேடையோ விலை உயர்ந்த கருவிகளோ இதற்குத் தேவையில்லை. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு மேசையும் போதும் என்பதால் மாயவித்தை கற்கத் தொடங்குவோர் பலர் இதையே முதலில் தேர்ந்தெடுக்கின்றனர்.

எந்தச் சீட்டு வித்தையையும் இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். வித்தைக்காரர் உண்மையில் செய்வது உத்தி எனப்படும். பார்வையாளர் தாம் கண்டதாக நம்புவது தோற்றம் எனப்படும். தொடக்கநிலை வித்தைகள் பலவற்றின் உத்தியைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்ள முடியும். ஆனால் உத்தியை அறிந்தவுடன் வித்தை கைவந்துவிடுவதில்லை. பார்வையாளர் எதைக் கவனிக்கிறார், எதை மறக்கிறார், எதை நியாயமாக நடந்ததாக எண்ணுகிறார் என்பவற்றைப் பொறுத்தே தோற்றம் அமைகிறது. தொடக்கநிலையாளர் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி தோற்றத்தைச் சார்ந்ததே.

சீட்டுக்கட்டும் சொற்களும்

பொதுவாகப் பயன்படும் கட்டில் இஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்னும் நான்கு இனங்களில் இனத்துக்கு 13 வீதம் 52 சீட்டுகள் உள்ளன. இவற்றுள் 26 கருப்பு, 26 சிவப்பு. ஜோக்கர் சீட்டுகள் இக்கணக்கில் சேர்வதில்லை. சீட்டின் எண்ணோ படமோ உள்ள பக்கம் முகம் என்றும், எல்லாச் சீட்டுகளுக்கும் ஒன்றுபோல் அமைந்த பக்கம் முதுகு என்றும் குறிக்கப்படும். முதுகு மேலே தெரியுமாறு வைத்த கட்டின் முதல் சீட்டு மேற்சீட்டு. கடைசிச் சீட்டு அடிச்சீட்டு. கட்டை இரண்டாகப் பிரித்து அடிப்பாதியை மேலே வைப்பது வெட்டுதல். சீட்டுகளின் வரிசையை மாற்றுவது கலைத்தல்.

போக்கர் அளவுச் சீட்டு ஏறத்தாழ 63 மி.மீ. அகலமும் 88 மி.மீ. உயரமும் உடையது. பிரிட்ஜ் அளவுச் சீட்டின் அகலம் ஏறத்தாழ 57 மி.மீ. ஆகும். கை சிறிதாக உள்ளவர்களுக்குப் பிரிட்ஜ் அளவு எளிதாக இருக்கும். முழுவதும் நெகிழியால் ஆன வழுக்கும் சீட்டுகளைவிட, மேற்பூச்சுள்ள தாள் சீட்டுகள் கைப்பயிற்சிக்கு ஏற்றவை. அமெரிக்காவில் 1885 முதல் அச்சிடப்படும் பைசைக்கிள் வகைச் சீட்டுகளை வித்தைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். எனினும் வீட்டில் உள்ள சாதாரணக் கட்டே கற்கத் தொடங்கப் போதுமானது.

வரலாறு

ஐரோப்பாவில் விளையாட்டுச் சீட்டுகள் பற்றிய தெளிவான பதிவுகள் 1370களிலிருந்து கிடைக்கின்றன. இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி 1500ஆம் ஆண்டையொட்டி எழுதிய கையெழுத்துப் படியில் சீட்டு வித்தைகள் பற்றிய குறிப்புகள் உள்ளன.

இங்கிலாந்தில் 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் வெளியிட்ட 'தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்' என்னும் நூல் பல வித்தைகளின் உத்திகளை விளக்கியது. சீட்டு வித்தைகளும் அவற்றுள் அடங்கும். ஸ்காட்டின் நோக்கம் வித்தை கற்பிப்பது அன்று. சூனியக்காரர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு எளிய மக்கள் தண்டிக்கப்பட்ட காலத்தில், அற்புதமாகத் தோன்றுபவை மனிதக் கைகளால் செய்யக்கூடியவையே எனக் காட்டுவதே அவரது நோக்கமாக இருந்தது. ஓர் உத்தியை அறியாமை ஓர் உயிரைப் பறிக்கக்கூடும் என்ற நிலையில் எழுதப்பட்ட நூல் அது.

19ஆம் நூற்றாண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஜொஹான் நெபோமுக் ஹொஃப்சின்சர் (1806–1875) சீட்டு வித்தையை வரவேற்பறைக் கலையாக வளர்த்தார். 1902இல் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் வெளியான 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்' கைத்திறன் உத்திகளை விரிவாக விளக்கியது. அதை எழுதியவர் யார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. கனடாவில் பிறந்த டாய் வெர்னன் (1894–1992) அந்நூலை இளமையிலேயே ஆழ்ந்து கற்று, 20ஆம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க சீட்டு வித்தைக்காரர்களுள் ஒருவரானார்.

தொடக்கநிலையாளருக்கான நூல்களுள் ஜீன் ஹுகார்டும் ஃபிரெடரிக் பிராவும் 1940களின் இறுதியில் வெளியிட்ட 'தி ராயல் ரோடு டு கார்ட் மேஜிக்' குறிப்பிடத்தக்கது. ஒவ்வோர் உத்தியையும் கற்பித்தவுடன் அதைப் பயன்படுத்தும் வித்தைகளையும் தருவது இதன் அமைப்பு. கைத்திறன் தேவைப்படாத வித்தைகளைத் தொகுத்துக் கார்ல் ஃபுல்வ்ஸ் 1976இல் ஒரு நூல் வெளியிட்டார். கணித அடிப்படையிலான வித்தைகளை மார்ட்டின் கார்ட்னரின் 1956ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது.

உத்திகளின் வகைகள்

தொடக்கநிலை உத்திகளை அடையாளச் சீட்டு, கணித ஒழுங்கு, திணித்தல், கைத்திறன் என நான்காகப் பகுக்கலாம். முதல் மூன்றுக்கும் கைத்திறன் மிகக் குறைவாகவே தேவைப்படும்.

அடையாளச் சீட்டு

கட்டில் ஒரு சீட்டை மட்டும் வித்தைக்காரர் முன்கூட்டியே அறிந்திருப்பது இம்முறை. எடுத்துக்காட்டாக அடிச்சீட்டு கிளாவர் 7 என்பதை அவர் இயல்பாகப் பார்த்துக்கொள்கிறார். பார்வையாளர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மேற்சீட்டாக வைக்கிறார். பின்னர் கட்டு வெட்டப்படுகிறது. அடிப்பாதி மேலே வருவதால் கிளாவர் 7 இப்போது பார்வையாளரின் சீட்டுக்கு நேர் மேலே அமைகிறது. சீட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரியப் போட்டுவரும்போது கிளாவர் 7க்கு அடுத்து வருவதே தேர்ந்தெடுத்த சீட்டு.

வெட்டுதல் சீட்டுகளின் தொடக்கப் புள்ளியை மட்டுமே மாற்றுகிறது. கட்டை ஒரு வட்டமாகக் கருதினால் அவ்வட்டத்தின் வரிசை மாறுவதில்லை. ஆகவே பார்வையாளர் எத்தனை முறை வெட்டினாலும் அந்த இரு சீட்டுகளும் அடுத்தடுத்தே இருக்கும். வெட்டு சரியாக அவ்விரண்டுக்கும் இடையே விழுந்தால் மட்டும் கிளாவர் 7 அடிச்சீட்டாகவும் தேர்ந்தெடுத்த சீட்டு மேற்சீட்டாகவும் அமையும். எனவே முதலில் போடும் சீட்டை நினைவில் வைப்பது தேவை.

கணித ஒழுங்கு

இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது 21 சீட்டு வித்தை. 21 சீட்டுகள் முகம் தெரியுமாறு இடமிருந்து வலமாக மூன்று குவியல்களில் ஒவ்வொன்றாகப் போடப்படுகின்றன. பார்வையாளர் மனத்தில் ஒரு சீட்டை நினைத்து அது உள்ள குவியலை மட்டும் காட்டுகிறார். அக்குவியலை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துச் சேர்த்து, இதே செயல் மேலும் இருமுறை செய்யப்படுகிறது. முடிவில் நினைத்த சீட்டு 11ஆவதாக இருக்கும்.

முதற்சுற்றில் குவியலைக் காட்டியவுடன் 21 வாய்ப்புகள் ஏழாகக் குறைகின்றன. அந்த ஏழும் 8 முதல் 14 வரையிலான இடங்களில் அமைகின்றன. இரண்டாம் சுற்றில் அவை மூன்று குவியல்களிலும் பிரிந்து விழுவதால் எஞ்சுவன அதிகம் மூன்றே. அவை 10 முதல் 12 வரையிலான இடங்களுக்குள் அடங்குகின்றன. மூன்றாம் சுற்றில் அவை ஒவ்வொரு குவியலிலும் நான்காவதாக விழுகின்றன. காட்டிய குவியலுக்கு மேல் 7 சீட்டுகள் சேர்வதால் நினைத்த சீட்டு 7 + 4 = 11 என்னும் இடத்தை அடைகிறது. 11 என்பது 21இன் நடு இடம் ஆதலால் எந்த முனையிலிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் டியேஸ் ஜெர்கோன் இத்தகைய வித்தையை 27 சீட்டுகளுக்கு விரித்து 1813–14இல் ஆய்வு வெளியிட்டார். 27 சீட்டுகளைக் கொண்டு, நினைத்த சீட்டை விரும்பிய எந்த இடத்துக்கும் கொண்டுவர முடியும். அச்சீட்டுக்கு மேலே இருக்க வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையை மூன்றடிமான எண்ணாக எழுத வேண்டும். பின்னர் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி, காட்டப்பட்ட குவியலை 0 எனில் மேலும், 1 எனில் நடுவிலும், 2 எனில் அடியிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு குவியலும் முதுகுப்பக்கம் மேலாகத் திருப்பிய பின்னரே சேர்க்கப்பட வேண்டும். 20ஆம் இடம் வேண்டுமெனில் மேலே 19 சீட்டுகள் தேவை. 19 என்பது மூன்றடிமானத்தில் 201. ஆகவே முதற்சுற்றில் நடு, இரண்டாவதில் மேல், மூன்றாவதில் அடி.

நார்மன் கில்பிரெத் 1958இல் வெளியிட்ட கில்பிரெத் தத்துவம் இன்னும் வியப்பானது. கட்டில் கருப்பும் சிவப்பும் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. மேலிருந்து ஏறத்தாழப் பாதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டால் அப்பகுதியின் வரிசை தலைகீழாகும். பின்னர் இரு பகுதிகளையும் பார்வையாளரே ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கலைக்கிறார். அதன்பின் மேலிருந்து எடுக்கும் ஒவ்வோர் இணையிலும் ஒரு கருப்பும் ஒரு சிவப்பும் இருக்கும். இரு பகுதிகளின் மேற்சீட்டுகளும் வேறு நிறங்களாக இருப்பதே இதற்குக் காரணம். ஒரு பகுதியிலிருந்து சிவப்பு முதலாவதாக அமைந்தால் அங்கே அடுத்துத் தெரிவது கருப்பு. மற்றப் பகுதியின் மேற்சீட்டும் கருப்பே. எனவே எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் இரண்டாவது சீட்டு கருப்பாகவே இருக்கும். ஓர் இணை முடிந்ததும் மேற்சீட்டுகள் மீண்டும் வேறு நிறங்களில் நிற்கும்.

திணித்தல்

பார்வையாளர் தாமாகத் தேர்ந்தெடுத்ததாக எண்ண, வித்தைக்காரர் விரும்பிய சீட்டையே அவர் எடுக்கச் செய்வது திணித்தல் எனப்படும். இதில் மிக எளியது குறுக்கு வெட்டு முறை. வித்தைக்காரர் மேற்சீட்டை முன்பே அறிந்திருக்கிறார். பார்வையாளர் விரும்பிய இடத்தில் கட்டை வெட்டி மேற்பாதியை மேசையில் வைக்கிறார். வித்தைக்காரர் அடிப்பாதியை அதன்மேல் குறுக்காக வைத்து, வெட்டிய இடத்தை இது குறிக்கும் என்கிறார். சிறிது நேரம் வேறு ஏதேனும் பேசியபின் மேலே உள்ள பகுதியைத் தூக்கி அடுத்த சீட்டைப் பார்க்குமாறு கூறுகிறார். பார்வையாளர் பார்ப்பது வெட்டிய இடத்துச் சீட்டை அன்று, தொடக்கத்திலிருந்த மேற்சீட்டையே.

இதில் மறைவான அசைவு எதுவும் இல்லை. அனைத்தும் பார்வையாளரின் கண்முன் நிகழ்கின்றன. இடையில் விடப்படும் அந்தச் சில நொடிகளே எந்தப் பாதி எங்கே இருந்தது என்ற நினைவை மங்கச் செய்கின்றன. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சிறுவரும் இதைக் கண்டுபிடித்துவிடுவர்.

கைத்திறன்

கைத்திறன் உத்திகளுள் தொடக்கநிலையாளர் முதலில் கற்பவை இரண்டு. ஒன்று, கலைப்பதுபோல் காட்டிக்கொண்டே குறிப்பிட்ட சீட்டை மேலேயோ அடியிலோ நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டுக் கலைப்பு. மற்றொன்று, இரண்டு சீட்டுகளை ஒரே சீட்டுபோலத் திருப்பிக் காட்டும் இரட்டைத் தூக்கல். இரட்டைத் தூக்கலில் பார்வையாளர் காண்பது இரண்டாவது சீட்டு. மீண்டும் முதுகு மேலாகத் திருப்பியபின் மேலே இருப்பது அவர் காணாத வேறொரு சீட்டு. அதைத் தனியே எடுத்துக் கட்டின் நடுவே செருகினால், பார்த்த சீட்டு நடுவே சென்றுவிட்டதாக அவர் நம்புவார். அதுவோ மேலேயே இருக்கும்.

கலைத்தலும் கணிதமும்

கட்டை ஒருமுறை கலைத்தால் சீட்டுகளின் ஒழுங்கு முழுவதும் அழிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கலைக்கும்போது கட்டு இரண்டு தொடர்களின் பின்னலாகவே மாறுகிறது. ஒவ்வொரு தொடரின் உள்வரிசையும் அப்படியே இருக்கும். இரண்டு முறை கலைத்தால் அதிகம் நான்கு தொடர்கள். மூன்று முறை கலைத்தால் அதிகம் எட்டு. வரிசையை முன்பே அறிந்த வித்தைக்காரர், கலைத்த பின்னரும் இடம் மாறிய ஒரு சீட்டைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க இதுவே உதவுகிறது.

52 சீட்டுகளைப் போதிய அளவு கலைக்க இவ்வாறு ஏறத்தாழ ஏழு முறை செய்ய வேண்டும் என டேவ் பேயரும் பெர்சி டயாகோனிஸும் 1992இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. டயாகோனிஸ் தம் 14ஆம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறி டாய் வெர்னனுடன் ஊர் ஊராகச் சென்று வித்தை கற்றவர். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கவனமும் நினைவும்

கையின் வேகம் கண்ணை ஏமாற்றுகிறது என்பது சீட்டு வித்தை பற்றிய பெரிய தவறான கருத்து. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே லாவண்ட் (1928–2015) ஒன்பது வயதில் விபத்தில் வலக்கையை இழந்தவர். எஞ்சிய இடக்கை ஒன்றாலேயே உலகப் புகழ் பெற்ற அவர், இதைவிட மெதுவாகச் செய்ய இயலாது என்று கூறிக்கொண்டே தம் வித்தையைச் செய்து காட்டினார். விரைந்த அசைவு பார்வையாளரை எச்சரிக்கை அடையச் செய்யும். இயல்பான அசைவு எவருடைய கவனத்தையும் ஈர்ப்பதில்லை.

பார்ப்பதும் கவனிப்பதும் ஒன்றல்ல. குஸ்டாவ் கூனும் பெஞ்சமின் டாட்லரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வித்தைக்காரர் ஒரு சிகரெட்டை மடியில் நழுவவிடுவதைப் பார்வையாளர்கள் காண்கிறார்களா எனக் கண்ணசைவுக் கருவி கொண்டு சோதிக்கப்பட்டது. அந்நொடியில் கண் எங்கே நோக்கியது என்பதைக் கொண்டு, யார் அதைக் கண்டுகொண்டார் என்பதைக் கூற முடியவில்லை. தீர்மானித்தது கண்ணின் திசை அன்று, மனத்தின் கவனம்.

இதனால் தொடக்கநிலையாளர் தம் பார்வையையும் பேச்சையும் உத்தியின் பகுதியாகவே கருத வேண்டும். வித்தைக்காரர் தம் கையைப் பார்த்தால் பார்வையாளரும் கையைப் பார்ப்பார். அவர் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டால் பார்வையாளரும் நிமிர்வார். சீட்டைக் கண்டுபிடிக்கும் முன் நடந்தவற்றைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதும் வழக்கம். நீங்களே வெட்டினீர்கள், நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள் என்பன போன்ற சொற்கள் பார்வையாளரின் நினைவில் தங்கிவிடுகின்றன. மறுநாள் அவர் பிறரிடம் விவரிக்கும் வித்தை, நடந்ததைவிட இன்னும் அரியதாக இருப்பது இதனாலேயே.

பயிற்சி முறை

தொடக்கநிலையாளர் பின்பற்றத்தக்க வரிசை பின்வருமாறு:

1. சீட்டுக்கட்டைப் பிடித்தல், விரித்தல், வெட்டுதல், கலைத்தல் ஆகியவற்றைக் கை தடுமாறாமல் செய்யப் பழகுதல்.
2. அடையாளச் சீட்டு வித்தை ஒன்றையும் கணித வித்தை ஒன்றையும் பிழையின்றிக் கற்றல்.
3. ஒவ்வொரு வித்தைக்கும் பேசவேண்டியதை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல்.
4. குறுக்கு வெட்டுத் திணித்தலைச் சேர்த்துக்கொள்ளல்.
5. இவற்றைச் சிலர் முன் செய்து பழகிய பின்னரே கைத்திறன் உத்திகளுக்குச் செல்லுதல்.

கண்ணாடி முன் பயிற்சி செய்வது கையின் கோணங்களைச் சரிபார்க்க உதவும். ஆனால் மறைவான அசைவு நிகழும் நொடியில் பழகுபவர் தம்மை அறியாமல் கண் சிமிட்டுவதுண்டு. அந்தப் பிழையைக் கண்ணாடியில் அவரால் காண இயலாது. கைப்பேசியில் பதிவுசெய்து பார்த்தால் தெரிந்துவிடும். ஐம்பது வித்தைகளை அரைகுறையாக அறிவதைவிட மூன்றை முழுமையாகச் செய்வது மேல்.

வித்தை தவறிப்போவது எவருக்கும் நிகழும். அடுத்து நிகழப்போவதை முன்கூட்டி அறிவிக்காத வித்தைக்காரருக்கு, தவறிய வித்தையை வேறொரு முடிவுக்குக் கொண்டுசெல்ல இடமுண்டு. அதே காரணத்தால் ஒரே வித்தையை ஒரே கூட்டத்தின் முன் மீண்டும் செய்வதும் தவிர்க்கப்படுகிறது. முதன்முறை வியந்தவர் இரண்டாம் முறை வியப்பதற்காக அன்றி, கண்டுபிடிப்பதற்காகவே பார்ப்பார். அனைத்துச் சீட்டுகளையும் மும்முறை போடும் 21 சீட்டு வித்தை சலிப்பூட்டுவதாகக் கருதப்படுவது அதன் உத்தியின் குறையால் அன்று. நினைத்த சீட்டை 11 வரை எண்ணி எடுக்கும்போது எண்ணிக்கையே உத்தியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 11ஆம் சீட்டை மனத்தில் குறித்துக்கொண்டு, சீட்டுகளைப் பரப்பிப் பார்வையாளரின் விரலையே அதனிடம் செல்லச் செய்தால் அதே வித்தை வேறாகத் தோன்றும்.

வித்தையும் மோசடியும்

சீட்டு வித்தையில் பயன்படும் கைத்திறன்கள் பலவும் சூதாட்ட மோசடியிலும் பயன்படுபவை. எர்ட்னேஸின் நூலே முதற்பகுதியில் சூதாட்டக் கைத்திறன்களையும் பிற்பகுதியில் மாயவித்தையையும் விளக்குகிறது. தமிழ்நாட்டில் மூணு சீட்டு எனப்படும் தெருச் சூதாட்டம் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. ஆடுபவர் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து இடம் மாற்றிப் போட்டு, குறிப்பிட்ட சீட்டு எங்கே எனக் கேட்கிறார். கூட்டத்தில் பணம் வென்று காட்டுபவர் அவருடைய கூட்டாளியே. சீட்டை எறியும்போது அடிச்சீட்டு விழுவதாகத் தோன்ற, மேலே உள்ளது விழுகிறது. கண் கூர்மையாக உள்ளவரே இதில் எளிதில் ஏமாறுவார். தாம் கண்டதை அவர் உறுதியாக நம்புகிறார்.

உத்தி ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. வித்தையின் பார்வையாளர் தாம் காண்பது வித்தை என அறிந்தே, மனம் ஒப்பி அமர்கிறார். மோசடியில் அந்த ஒப்புதல் இல்லை. கைத்திறனைத் தெய்வீக ஆற்றல் எனக் கூறிப் பணமோ நம்பிக்கையோ பெறுவதும் மோசடியின்பாற்படும். உத்தியை வெளியிடுவதில்லை என்ற வித்தைக்காரர்களின் மரபு பார்வையாளரின் வியப்பைக் காப்பதற்கானது. ஏமாற்றுபவரைக் காப்பதற்கானது அன்று. போலி அற்புதங்களையும் சூதாட்ட மோசடிகளையும் பொதுமக்களுக்கு வெளிப்படுத்திய வித்தைக்காரர்கள் பலர் உள்ளனர். கற்கத் தொடங்குபவர் தம் நண்பர்களுடன் பணம் வைத்துச் சீட்டாடுவதைத் தவிர்ப்பது நல்லது. கைத்திறன் உள்ளவர் நேர்மையாக வென்றாலும் அந்த வெற்றி ஐயத்துக்கு உள்ளாகும்.